திருகு மூடி

ஐப்பசி, வெள்ளி இரவு.

செல்விக்கான டார்ச் இன்று முடிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று என் சின்ன லேத்தில் கடைந்த முதல் சாமான். முதல் பஸ்ஸில் ராஜபாளையம் போய் இறங்கினால், அவள் வேலை பார்க்கும் நூல் மில்லுக்குப் போகும் சந்து இருட்டாகக் கிடக்கிறதாம். அலுமினியத் தண்டில் செய்தேன். சுவிட்ச் கிடையாது; பின்மூடியை இறுக்கித் திருகினால் எரியும். மழைத்தண்ணீர் இறங்காதபடி மூடியின் திருகு மரையை அவ்வளவு இறுக்கமாக வெட்டியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

சாப்பிட்டதும் கொடுத்தேன். திருகினாள். மூடி அசையவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் கணுவெல்லாம் வீங்கிச் சுட்டது.

"ஏட்டி, எம்புட்டு நாளா இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல, விடுங்க." வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போனா வேலைக்குப் போகாதேம்பாவ. நூலு முடியுற கையி இது. காலைல நீங்களே எரிய விட்டுக் குடுங்க. அமத்தாம கொண்டு போயிக்கிடுதேன்."

மரையைத் தளர்த்தித் தருகிறேன் என்றேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மரையைத் தளர்த்திவிடலாம். விரலுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

செத்த முன்னால் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். லைட்டைப் போட்டால் முழித்துக்கொள்வாள் என்று டார்ச்சை எடுத்துப் போனேன். நல்ல வெளிச்சம். மிளகாய்ப்பொடி, உளுந்து, சீனி என்று அலமாரி முழுக்கத் தெரிந்தது. ஒரு டப்பா மூடியும் திருகியிருக்கவில்லை. எல்லாவற்றையும் சும்மா மேலே வைத்திருந்தாள்.