ஓடுவதாகச் சொல்லும் வண்டி

செவ்வாய்க் கிரகம். ஒப்பீட்டு ஓட்டம், ஒன்பதாம் நாள்.

காலை 8:10

இரண்டு வண்டிகளும் கிளம்பியாயிற்று. நான் அங்கயற்கண்ணி, எஞ்சின் வண்டியில். மீத்தேன் மட்டும் குடிக்கும் பழைய ரகம். முன்னால் போவது ஹைபிரிட். எஞ்சினும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கும். அதை ஓட்டுபவர் கிளாட்வின், தூத்துக்குடிக்காரர். வயதில் மூத்தவர், அண்ணன் என்றே கூப்பிடுகிறேன். ஒரே பாதை, ஒரே சுமை. எது தேறுகிறது என்று பூமியில் இருப்பவர்கள் முடிவு செய்வார்கள்.

இதுவரை ஹைபிரிட்தான். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். சத்தமே இல்லை. என் வண்டி ஆட்டுரல் மாதிரி அதிர்கிறது. "பல்லு ஆடுதா தாயி?" என்று ரேடியோவில் கேலி செய்கிறார்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. இந்த வண்டிகளில் இடை அறை கிடையாது. கதவு திறந்தால் உள்ளே இருக்கும் காற்று மொத்தமும் போய்விடும். உடையும் தலைக்கவசமும் போட்ட பிறகுதான் கதவைத் தொடுவோம்.

10:45

பாறை மாதிரிகள் எடுக்க நின்றோம். நான் இறங்கிவிட்டேன். என் கதவுக்குக் கைப்பிடி உண்டு, இழுத்தால் திறக்கும். அவருடையது மின்பூட்டு. வண்டி நின்றிருந்தால்தான் விடும்.

"ஏ கயலு, கதவு தெறக்க மாட்டேங்கு. வண்டி ஓடுதாம்ல. பன்னெண்டு கிலோமீட்டர் வேகம் காட்டுது."

சக்கரங்களைப் பார்த்தேன். அசையவில்லை. வேகத்தை அளக்கும் உணரி கெட்டிருக்கிறது, அது சக்கரத்துக்குள் சீல் வைத்த பகுதியில். மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். ஓடும் வண்டியை அணைக்க முடியாது என்று பதில் காட்டுகிறதாம். பூமிக்குச் சொல்லிவிட்டேன். செய்தி போகப் பதினெட்டு நிமிடம், வரப் பதினெட்டு.

11:30

பூமி மையத்திலிருந்து நப்பின்னை பேசினாள்: "கயல், ஹைபிரிட் சீராக ஓடுவதாகத்தான் எங்கள் திரையில் தெரிகிறது. எந்தக் கோளாறும் காட்டவில்லை. முதலில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு கதவைத் திறக்கலாம். உங்கள் எஞ்சின் வண்டிதான் ரொம்ப நேரமாக நிற்கிறது. அதில் ஏதாவது பழுதா?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிற்கும் சக்கரங்களையும் அவற்றின் மேல் படியும் தூசியையும் படமெடுத்து அனுப்பினேன். அவர் தலைக்கவசத்தோடு தயாராக இருக்கிறார் என்றும் சொன்னேன். அப்போது அது உண்மை.

12:25

சுத்தியலால் கண்ணாடியை அடித்தேன். கீறல்கூட விழவில்லை. அண்ணனும் உள்ளிருந்து கம்பியால் அடித்துப் பார்த்தார். விண்கல்லுக்கே தாங்கும் என்று விளம்பரம் செய்த கண்ணாடி.

இப்போது வேறு தொல்லை. வண்டி ஓடுவதாக நினைத்துக்கொண்டு எஞ்சின் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. செலவழிக்க ஆளில்லை. பேட்டரி அவர் காலடியில்.

"தரை கொதிக்கு கயலு. உப்பளத்துல மத்தியான வெயில்ல நிக்க மாதிரி இருக்கு."

"உடையில இருக்க குளிர்ச்சிய முழுசா வைங்கண்ணே."

"அது எப்பமோ தீந்துட்டு."

13:05

தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டார். வேண்டாம் என்று கத்தினேன். "மூச்சு முட்டுது தாயி, ஒரு நிமிசம்" என்றார். முகம் சிவந்து, முடியெல்லாம் நனைந்திருந்தது. பிறகு சீட்டில் சாய்ந்தார். கூப்பிடுகிறேன், பதில் இல்லை. கண்ணாடியில் மூச்சு படிந்து மறைகிறது. உயிர் இருக்கிறது.

13:12

நப்பின்னை: "படம் பார்த்தோம். மன்னியுங்கள் கயல். பூட்டை விடுவிக்கும் கட்டளையைத் தயார் செய்துவிட்டோம். 13:32க்கு வண்டியை வந்தடையும், கதவு தானே திறக்கும். கிளாட்வின் தயாராக இருக்கட்டும்."

அவர் தயாராக இல்லை. வெறும் தலையோடு மயங்கிக் கிடக்கிறார்.

அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். என் செய்தி போய்ச் சேர 13:30 ஆகும். கட்டளை அதற்கு முன்பே பாதி வழியைத் தாண்டியிருக்கும்.

13:20

கண்ணாடியைத் தட்டுகிறேன். ஹாரன் அடிக்கிறேன், ரேடியோவில் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறேன். ஒரு தடவை விரல் அசைந்தது. அவ்வளவுதான். என் வண்டியால் பின்னாலிருந்து இடித்தேன். தலை ஒரு பக்கம் சரிந்தது. நிறுத்திவிட்டேன்.

13:31

கட்டளை எட்டாதபடி ஹைபிரிட்டின் கூரையில் ஏறி ஆண்டெனாவை உடைத்துவிட்டேன். வேறு வழி தோன்றவில்லை. அடியோடு வரும்வரை அடித்தேன்.

13:34

கதவு திறக்கவில்லை. கட்டளை வந்து போய்விட்டது. அவர் மூச்சுவிடுகிறார். நான் சரியாகத்தான் செய்தேன்.

13:52

நப்பின்னை: "உங்கள் செய்தி இப்போதுதான் கிடைத்தது. கட்டளை முன்பே போய்விட்டது. கயல், கதவு திறந்ததா? யாராவது சொல்லுங்களேன், திறந்ததா?"

திறக்கவில்லை, உயிரோடிருக்கிறார் என்று அனுப்பினேன். ஆண்டெனாவை என்ன செய்தேன் என்றும் சொன்னேன். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் அதன் அர்த்தம் எனக்கே புரிந்தது: இனி எந்தக் கட்டளையும் அந்தக் கதவை எட்டாது.

14:25

ஹைபிரிட்டின் எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றது. மின்சாரம் ஏறுவது நின்றுவிட்டது, தரை ஆறுகிறது. வேகம் மட்டும் அதே பன்னிரண்டு. கண்ணாடி வழியே தெரிகிறது.

என் வண்டியின் ஆண்டெனாவைக் கழற்றி அங்கே வைத்துப் பார்த்தேன். முனை பொருந்தவில்லை. கம்பியைச் சீவி முறுக்கிச் செருகினேன். எதுவும் பிடிக்கவில்லை. திரும்ப என் வண்டியிலேயே மாட்டிவிட்டேன். முகாமுக்குப் போய் உதிரிபாகம் கொண்டுவர மூன்று நாள் ஆகும். அவரிடம் நாளைக் காலைவரைதான் காற்று.

14:40

எழுந்துவிட்டார்.

முதலில் என்னைத் தேடினார். கை காட்டினேன். தண்ணீர் குடித்தார். ரேடியோவைத் தட்டிப் பார்த்தார், அது செத்துவிட்டது. அதுவும் அதே ஆண்டெனாவில்தான் இருந்தது. என்ன நடந்ததென்று அவருக்குத் தெரியாது. எந்தச் சைகையில் சொல்வது?

கைகளை அசைத்து ஏதோ சொல்கிறார். பூமியிலிருந்து உதவி வருமே என்று கேட்கிறார் போல. நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

14:50

உடையைச் சரிபார்த்து, கழுத்து வளையத்தைப் பூட்டி, தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பூட்டாக என்னிடம் காட்டினார். பயிற்சியில் சொல்லித்தந்த வரிசை மாறாமல். பிறகு கதவை ஒட்டி வந்து நின்று கட்டைவிரலை உயர்த்தினார்.

தயார் என்கிறார்.

14:58

இன்னும் நிற்கிறார். கதவைக் காட்டி, என்னைக் காட்டி, தோளைக் குலுக்குகிறார். ஏன் தாமதம் என்று கேட்கிறார். சிரிக்கிறார். கண்ணாடியில் கையை வைக்கிறார். நானும் இந்தப் பக்கம் வைத்திருக்கிறேன், இன்னொரு கையால் எழுதுகிறேன். அண்ணே, நான்தான், நான்தான் அதை