மூன்று வடைகள்

அன்புள்ள மாமாவுக்கு,

நாளை கிருத்திகைக் காவடியோடு திருத்தணி மலை ஏறும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஊரையே கேலி செய்து ஓட்டும் எனக்கு இதை நேரில் சொல்ல வாய் வரவில்லை.

நான் காய்ச்சலில் கிடந்தபோது எனக்காக வேண்டிக்கொண்டுதான் மாலை போட்டீர்கள். அந்தமான் சுற்றுலாவில் நாங்கள் நண்டு மசாலா, சுட்ட மீன் என்று வெளுத்துக்கட்ட, உங்களுக்கு மட்டும் தயிர்சாதம்.

கடைசி நாள் வாழைப்பூ வடை என்று கொடுத்தேனே, அது இறால் வடை மாமா. வாயருகே போகும்போது பிடுங்கிக்கொண்டு சிரிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் கடித்துவிட்டீர்கள்.

"இன்னா கண்ணு, வாழைப்பூ வேற மாதிரி கீது?"

"தீவு வாழைப்பூ மாமா. உப்புக் காத்துல வளர்ந்துது."

"ஆங், நீ சொன்னா சரிதான்."

மூன்றையும் தின்றீர்கள். இறாலுக்கு முள் கிடையாது. ஆனாலும் தொண்டையில் ஏதோ குத்திக்கொண்டே இருக்கிறது, எனக்கு.

நான்காவது கேட்டீர்கள். தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

காவடி எடுப்பதா, விரதத்தை முதலிலிருந்து தொடங்குவதா, நீங்களே முடிவு செய்யுங்கள். அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன். கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன். நீங்கள் சொன்னால் சரிதான்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்