பௌர்ணமிக்கு மறுநாள்

அடி அண்ணாமலை
23.7.2024

அன்புள்ள வேதாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

கவியாவுக்கு நேற்று மறுபடியும் மூச்சிழுப்பு. டீக்கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முகத்தில் மூடி மாட்டி, மூச்சில் இழுக்கிற மருந்து வைத்தார்கள். இப்போது தூங்குகிறாள். நீ மாசியில் கோயம்புத்தூருக்குப் போன பிறகுதான் இப்படி. ஆராயி அக்காவும் அதையேதான் சொல்கிறாள்: "அம்மாக்காரி இல்லாத ஏக்கம்டா. வேற இன்னா இருக்கப் போவுது?"

உங்கள் காலேஜில் நிலக்கடலை என்கிற மல்லாட்டைச் செடியில் ஏன் புள்ளி விழுகிறது என்று நீ ஆராய்ச்சி செய்வது பெருமைதான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் அதனால் நம் வீட்டுக்கு என்ன பயன்? விட்டுவிட்டு வந்துவிடேன்.

உன்
சகாதேவன்


கோயம்புத்தூர்
28.7.2024

கவியா அப்பாவுக்கு, அன்புடன்.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு தடவை படித்தேன்.

நான் இல்லாததுதான் காரணம் என்றால் வந்துவிடுகிறேன். பட்டம் குழந்தையைவிடப் பெரிதா என்ன? ஆனால் அதுதான் காரணம் என்று நமக்கு எப்படித் தெரியும்? இங்கே ஒரு பாத்தி கருகும், பக்கத்துப் பாத்தி பச்சையாக நிற்கும். திருஷ்டி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். போகாமல் நின்று, இரண்டுக்கும் நடுவில் எது வேறு என்று தேடுகிறேன். ஆராய்ச்சி என்றால் அவ்வளவுதான். அதை நம் வீட்டு வாசலிலும் செய்யலாம்.

நான் தினமும்தான் இல்லை. இழுப்பு தினமும் வருகிறதா? எப்போதெல்லாம் வந்தது, அன்றைக்கு வீட்டைச் சுற்றி என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள். வெறும் டீயைக் குடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

வேதா


அடி அண்ணாமலை
21.8.2024

அன்புள்ள வேதா,

நீ சொன்னபடி யோசித்தேன். ஒவ்வொரு தடவையும் பௌர்ணமிக்கு மறுநாள்தான் வந்திருக்கிறது! கிரிவலக் கூட்டம் போனதும் பேப்பர் கப், பிளாஸ்டிக் தட்டு எல்லாவற்றையும் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் குவித்துக் கொளுத்துகிறோம். கடைக்காரர்கள் எல்லோரும்தான், என்னையும் சேர்த்து. முன்பு கொளுத்திய இடத்தில் வீடு கட்ட ஆரம்பித்ததால், மாசியிலிருந்துதான் இந்த இடம்.

அந்தப் புகைதானோ என்று இந்தப் பௌர்ணமிக்குக் கவியாவை வேங்கிக்காலில் ஆராயி அக்கா வீட்டில் விட்டேன். இழுப்பு வரவே இல்லை. அக்கா விடுவாளா? "பாத்தியா, பொம்பள கை பட்டதும் புள்ள தேறிட்டா. புகையாம் புகை! வேதாவ வரச் சொல்லுடா."

எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. கோபித்துக்கொள்ளாதே.

சகாதேவன்


கோயம்புத்தூர்
25.8.2024

கவியா அப்பாவுக்கு,

ஆராயி அண்ணி சொல்வதைத் தள்ள முடியாது. இடமும் மாறியது, கவனித்த கையும் மாறியது. எதனால் குணமானது என்று எப்படிச் சொல்வது?

அடுத்த பௌர்ணமிக்கு அவள் நம் வீட்டிலேயே இருக்கட்டும். நானும் வரவில்லை, அண்ணியும் வர வேண்டாம். நெருப்பை மட்டும் நிறுத்துங்கள். மருந்து கையிலேயே இருக்கட்டும். கொஞ்சம் திணறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்படியும் இழுப்பு வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். திரும்பிப் போகமாட்டேன். எந்த விடை வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை.

வேதா


அடி அண்ணாமலை
21.9.2024

என் வேதாவுக்கு,

கவியா நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடை கடையாகப் போய்க் கொளுத்த வேண்டாம் என்று கேட்டேன். இளநீர் விற்கும் சக்திவேல் சிரித்தான். "இன்னாண்ணா, அண்ணி படிச்சா நீயும் டாக்டராயிடுவியா?"

"இந்த ஒரு பௌர்ணமிக்கு வுட்டுப் பாருடா. குப்பைய நானே வண்டி வெச்சு எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

கூட்டம் கலைந்த காலையில் கடைசி மூட்டையுடன் அந்த மனையில் நின்றேன். சட்டைப் பையில் அடுப்புக்கு வைத்திருந்த தீப்பெட்டி இருந்தது. ஒரு குச்சி கிழித்தால் போதும், நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று தோன்றியது. அந்த நினைப்பை இப்போது எழுதவும் கூசுகிறது. உள்ளேயிருந்து கவியா, "அப்பா, பசிக்குது" என்று கூப்பிட்டாள். மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டுத் தோசை ஊற்றப் போனேன்.

அன்றைக்கும் இழுப்பு வரவில்லை. அதற்கு மறுநாளும், இன்றைக்கும் வரவில்லை. ஒரு தடவை போதாது, இன்னும் சில பௌர்ணமி பார்க்க வேண்டும் என்பாய். பார்க்கிறேன். சக்திவேலே அடுத்த மாதத்துக்குக் குப்பை கட்டச் சாக்கு கேட்டிருக்கிறான். அக்கா மட்டும், "எப்படியோ, புள்ள நல்லா இருந்தா சரி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் ஆசைப்பட்ட விடை வேறு. வந்த விடை இது. நீ படிப்பை முடி.

உன்னை வரச் சொல்ல இப்போது என்னிடம் ஒரு காரணமும் இல்லை. லீவு கிடைத்தால், காரணம் இல்லாமலே வா.

உன்
சகாதேவன்