பச்சையாகத்தான் இருந்தது

எழுத உட்காரும் முன் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டேன். நாற்றம் போகவில்லை. வீங்கிப்போன பேட்டரியிலிருந்து கசிந்த அமிலமும் ஊசிப்போன சந்தனமும் கலந்த நாற்றம். துப்பட்டாவில் ஏறி, இப்போது கடை முழுக்க அடிக்கிறது. என் குணம் உனக்குத் தெரியாததா? டீக்கடை பெஞ்சைத் துடைக்காமல் உட்காரமாட்டேன், கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டேன். "மூஞ்சிய சுளிக்காதடி, ஈ கூட பயந்து ஓடிடும்" என்பாய். இன்றைக்கு என் மூஞ்சியை நீ பார்த்திருக்கவேண்டும்.

உன் இறால் கம்பெனிக்குப் போயிருந்தேன். நீ போன பிறகு அந்த வாசலை மிதிப்பதில்லை என்றுதான் இருந்தேன். மேனேஜரே போன் போட்டார். "எம்மா, கேஸ் அலாரம் கம்ப்யூட்டர் செத்துடும் போல கீது. புதுசு வாங்கி வச்சிட்டோம். பழசுல இன்னா காட்டுதோ அத்தையே புதுசுலயும் காட்டணும், அவ்ளோதான். நாளைக்கு வெளிநாட்டு பார்ட்டி ஆடிட்டு வருது." முடியாது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த இறால் உரிக்கும் ஹாலில் இப்போது உன் மகள் சூப்பர்வைசர். நீ நின்ற அதே கதவருகே நிற்கிறாள். அதனால் புதுவாயலில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போனேன்.

அந்தக் கம்ப்யூட்டரை நீ எனக்கு ஒருமுறை காட்டியிருக்கிறாய். ஹாலுக்குப் போகும் நடையில், சுவரோரம் ஒரு மேசை. இறாலை உறைய வைக்க அம்மோனியா ஓடுகிறது. அது கசிந்தால் கண்டுபிடித்து ஊதுவதுதான் அந்தக் கம்ப்யூட்டரின் வேலை. திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்று காற்று எப்படி இருக்கிறது என்று சொல்லும். இன்னொன்று, கரண்ட் போனால் கம்ப்யூட்டரைத் தாங்கும் யூபிஎஸ் பேட்டரி எப்படி இருக்கிறது என்று சொல்லும். தினமும் காலையில் நீ அந்த இரண்டையும் பார்ப்பாய். பெண்கள் தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். "ரெண்டும் பச்சை. உள்ள போங்கடி" என்பாய். நீ சொல்லாமல் ஒருத்தி கதவைத் தொடமாட்டாள். பாதிரியார் கைதூக்கி ஆசீர்வாதம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்தேன். "பாய் ஊட்டுப் பொண்ணுக்கு எங்க சர்ச்சு விஷயமெல்லாம் நல்லாவே தெரியுது" என்று நீ என் முதுகில் அறைந்தாய்.

அந்த நாளைப் பற்றி உனக்கே நான் சொல்வதா? ஆனாலும் சொல்கிறேன், வரிசையாகச் சொன்னால்தான் இன்றைக்கு நடந்தது விளங்கும். பகல் வேளையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கும்வரை கம்ப்யூட்டரைத் தாங்கவேண்டிய யூபிஎஸ் தாங்கவில்லை. திரை இருண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு வால்வு கசிந்தது. ஊதுவதற்கு அலாரம் இல்லை, உன் மூக்குதான் அலாரம். எல்லாரையும் கத்தி விரட்டி வெளியே தள்ளினாய். குளிரறையில் காதை மூடிக்கட்டிக்கொண்டு நின்ற ஒருத்திக்கு உன் சத்தம் கேட்கவில்லை என்று திரும்ப உள்ளே போனாய். அவளை இழுத்துக்கொண்டு வந்தும்விட்டாய். ஆனால் அந்தக் காற்று உன் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அதற்கப்புறம் நீ ஒரு வருஷம்கூட இருக்கவில்லை.

கம்பெனியில் என்ன சொன்னார்கள்? சூப்பர்வைசர் காலையில் பேட்டரியைப் பார்க்காமலே ஆட்களை உள்ளே விட்டுவிட்டாள் என்றார்கள். பேட்டரி ஒரே நாளில் சாகுமா, முன்னமே சிவப்பு காட்டியிருக்கும், இவள் கவனிக்கவில்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்க வாங்க நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அது ஒன்றுதான். "காலைல பச்சையாதான்டி இருந்துச்சு. நான் பாத்தேன்." போகப் போக உன் குரலிலேயே சந்தேகம் வந்துவிட்டது. "பாத்தேனா? வேற நாள் பாத்தத நெனச்சிக்கினு சொல்றேனா?" என்று என்னையே கேட்டாய். நான் மருந்துச் சீட்டை மடித்து விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நீ போனாய். கம்பெனி கேட்டில் உன் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். உன்மேல் பழியைப் போட்ட அதே ஆட்கள் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தூ!

சரி, இன்றைக்கு வருகிறேன். முதலில் மேசைக்கு அடியிலிருந்து யூபிஎஸ்ஸை வெளியே இழுத்தேன். யா அல்லாஹ்! அதன்மேல் ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை, கருகிக் கயிறாகிக் கிடந்தது. காற்று போகிற துளையெல்லாம் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, வருஷத்துக்கு வருஷம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்திருந்தது. பின்பக்கம் ஒரு பல்லி ஒட்டிச் செத்திருந்தது. ஆட்டிப் பார்த்தால் உள்ளேயிருந்து கரப்பான் றெக்கை கொட்டுகிறது. பூஜைமேல் எனக்கென்ன கோபம்? வேதக்காரி நீ, பொரியும் சுண்டலும் வாங்க முதல் ஆளாக நின்றவள், எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வருவாய். ஆனால் பூஜை முடிந்ததும் இவர்கள் செய்வதைக் கேள். மெயினை அணைத்துவிட்டு லீவுக்குப் போய்விடுவார்கள். யூபிஎஸ்ஸை அணைக்கமாட்டார்கள். ஆளில்லாத கம்ப்யூட்டருக்கு அது உழைத்து உழைத்து, ஒட்டக் காய்ந்து, அப்படியே கிடக்கும். ஒவ்வொரு வருஷமும் கும்பிட்டே கொன்றிருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்தால் கத்துவதற்கு ஒரு சின்ன பஸ்ஸர் உண்டே, அதன் ஓட்டையில் பஞ்சை அடைத்து, பஞ்சின்மேலும் சந்தனம் தடவியிருந்தது. சத்தம் தொல்லையாக இருந்ததாம்.

மூடியைக் கழற்றினேன். பேட்டரி வயிறு ஊதி, பக்கமெல்லாம் வெடித்து, முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கையில் எடுத்தபோது பிசுபிசுவென்று ஏதோ விரலில் ஒட்டியது. குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே பழைய கம்ப்யூட்டர். யூபிஎஸ்ஸைக் கழற்றும் முன் கம்ப்யூட்டரின் கம்பியைச் சுவரில் நேராகச் செருகியிருந்தேன், அதனால் ஓடிக்கொண்டிருந்தது. செத்த பேட்டரி என் கையில் ஒழுகிக்கொண்டிருக்கிறது. திரையில் இரண்டாவது கட்டம் பச்சையாக இருக்கிறது. பேட்டரி நூறு சதவீதம். நிலைமை நன்று.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பேட்டரி நிலவரத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் யூஎஸ்பி வயரைத் தேடினேன். வயரே இல்லை. யூபிஎஸ்ஸில் அதைச் செருகவேண்டிய துளையும் சந்தனத்தால் அடைத்துக்கொண்டு கிடந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுவது லினக்ஸ். அதில் யூபிஎஸ்ஸைக் கவனிக்கவென்று நல்ல மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான். அதில் பொம்மை யூபிஎஸ் என்று ஒரு வசதி உண்டு. நிஜ யூபிஎஸ் கையில் இல்லாதபோது பழகிப் பார்க்க வைத்தது. நாம் என்ன எழுதி வைக்கிறோமோ அதையே அது திருப்பிச் சொல்லும். நூறு என்று எழுதினால் நூறு. பச்சை என்றால் பச்சை. கரண்ட் போனாலும், பேட்டரி வெடித்தாலும், ஊரே எரிந்தாலும் பச்சை. இந்தப் பொம்மையைத்தான் இங்கே ஓடவிட்டிருந்தார்கள்.

மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு துளி வெட்கம் இல்லை.

"அதுவா? மொத மொத ஆடிட்டு வந்தப்ப போட்டதும்மா. அப்ப வயரு வரல. சும்மா காட்டறதுக்குன்னு ஒரு பையனை வச்சி போட்டது. அப்பால எடுக்க மறந்துட்டாங்க."

மறந்துவிட்டார்கள். முதல் ஆடிட் என்றால் எனக்கு நினைவிருக்கிறதே. புதுத் தொப்பி கொடுத்தார்கள் என்று நீ அதைப் போட்டுக்கொண்டே கடைக்கு வந்து காட்டினாயே, அது. கசிவுக்கு வெகு முன்னால். அப்படியானால் நீ தினமும் காலையில் நின்று பார்த்ததெல்லாம் அந்தப் பொம்மையைத்தான். அன்றைக்கும் அதைத்தான் பார்த்திருக்கிறாய். பச்சையாகத்தான்டி இருந்தது. அது பச்சையைத் தவிர வேறு எதுவும் காட்டவே காட்டாது. உன் கண் சரி. பொய் அவர்களுடையது. அந்தப் பொய்யைத் தங்கள் மேசையிலேயே வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக் கிடந்தவள்மேல் பழி போட்டிருக்கிறார்கள்.

"பேசிக்கினே இருக்காதம்மா. அத்தையே புதுசுலயும் போட்டு உடு. ஆடிட்டு முடியட்டும், பொறுமையா மாத்திக்கலாம்" என்றார் மேனேஜர். "வந்தமா, பச்சையா காட்ட வச்சமா, போனமான்னு இல்லாம ஏம்மா பேஜாரு பண்ற?"

அப்போது எனக்கு நாம் படித்த பள்ளிக்கூடத்துத் தண்ணீர் டிரம் ஞாபகம் வந்தது. உள்ளே தவளை செத்து மிதந்தது. மேலாக மொண்டு குடித்தால் ஒன்றுமில்லை என்று எல்லாரும் குடித்தார்கள். நான் ஓரமாக நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தேன். நீ வந்தாய், எட்டிப் பார்த்தாய், டிரம்மைக் காலால் உதைத்துக் கவிழ்த்தாய். வராந்தா முழுக்கத் தண்ணீர். டீச்சரிடம் அடி வாங்கிவிட்டு வந்து என்னிடம் சொன்னாய்: "நாத்தம் அடிச்சா கொட்டிடணும்டி. மூஞ்சிய சுளிச்சிக்கினு நின்னா ஆவுமா?"

கொட்டிவிட்டேன். கேஸ் அலாரத்தைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அதில் அந்த மென்பொருளையும் இறக்கினேன். ஊக்கால் தோண்டித் தோண்டித் துளையிலிருந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன், என் பையிலிருந்த வயரைச் செருகினேன். செத்த பேட்டரியையே திரும்ப உள்ளே வைத்தேன், உள்ளது உள்ளபடி தெரியட்டும் என்று. யூபிஎஸ்ஸுக்கு ஒரு பெயர் வைக்கவேண்டும், அப்போதுதான் மென்பொருள் அதனோடு பேசும். உன் பெயரை வைத்தேன். கரண்ட் போனால் உடனே ஹாலில் சைரன் ஊதவும், பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால் எல்லாரையும் வெளியேறச் சொல்லவும் எழுதினேன். செய்தி யாருக்குப் போகவேண்டும் என்ற இடத்தில் முதலில் உன் மகளுடைய நம்பர். ஓடவிட்டேன். உன் பெயருக்கு நேரே சிவப்பு வந்தது. பேட்டரியை மாற்றவும்.

மத்தியான ஷிஃப்ட் பெண்களோடு உன் மகள் வந்தாள். அவளைத் தனியே இழுத்து, பழைய திரையையும் புதுத் திரையையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். உன்னைப் போலவே கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் அத்தையே சொல்லிக்கினு இருந்தாங்க ஆன்ட்டி. பச்சையா இருந்துச்சு, பச்சையா இருந்துச்சுன்னு. நானே நம்பல. அம்மா, உடும்மா, மறந்திருப்பன்னு சொன்னேன்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஹால் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"பேட்டரி செகப்பு. யாரும் உள்ள போவாதீங்க."

மேனேஜர் ஓடிவந்தார். "இன்னாம்மா இது, எறா அங்க அப்பிடியே கீது, கெட்டுப்போயிடும்" என்றார்.

"கெட்டுப்போவட்டும் சார்" என்றாள். அடி, உன் குரல்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் தொப்பியோடும் பூட்ஸோடும் அந்த நடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் கெஞ்சினார், அதட்டினார், என்னை ஒரு முறை முறைத்தார், கடைசியில் பைக்கில் ஆளை அனுப்பினார். புது பேட்டரி வந்தது. சார்ஜ் ஏறும்வரை ஐஸ் போட்டு இறாலைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

"டெஸ்ட்டெல்லாம் எதுக்கு, அதான் பச்சையா கீதே" என்று சொன்ன மேனேஜரை உன் மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து சுவரிலிருந்த யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கினாள். சைரன் அலறியது. திரை அணையவில்லை. எண் மெதுவாக, நேர்மையாக, இறங்க ஆரம்பித்தது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். திரும்பச் செருகினாள். உன் பெயருக்கு நேரே பச்சை வந்தது.

"இது இன்னா பேரு?" என்று மேனேஜர் கேட்டார்.

"யூபிஎஸ் பேரு சார்" என்றேன்.

இனிமேல் அங்கே என்னைக் கூப்பிடமாட்டார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு மறுபடியும் சந்தனம் அப்பினாலும் அப்புவார்கள், அவர்களைத் திருத்த என்னால் ஆகாது. நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்தது இந்த நாற்றத்தைத்தான். சோப்புக்குப் போகாத இந்தக் குமட்டலைத்தான். முன்பெல்லாம் அதை நினைத்து எனக்கே கூச்சமாக இருக்கும், உன் கேலி வேறு. இப்போது அதை விடுவதாக இல்லை. ஆனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓரமாக மட்டும் நிற்கமாட்டேன்.

நாளைக்கு உன் மகள் அந்தத் திரைமுன் நிற்பாள், பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அவள் உன் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். நீ தூங்கடி. நீ பார்த்தாய். சரியாகத்தான் பார்த்தாய்.