அரைக் கிலோ செம்மண்

பிப்ரவரி 9, 1988

என் லேப் அம்மாவுக்கு,

நலம். நீயும் குட்டியும் நலம்தானே? இங்கே வந்து மூன்று வாரமாகிறது. நான் இனி பஸ் டிப்போ குமாஸ்தா இல்லை, நிலச் சொந்தக்காரன். சிரிக்காதே.

நேற்று புல்டோசர் வைத்து மேட்டைச் சமன்படுத்தியாயிற்று. வேர், சருகு, கருப்பு மக்கு எல்லாவற்றையும் வழித்துக் குவித்துக் கொளுத்தி, சாம்பலைப் பரப்பிவிட்டோம். அடியில் சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு! எண்பதடி மரங்கள் நின்ற மண் இது. மக்காச்சோளம் மட்டும் வளர மாட்டேன் என்றா சொல்லும்?

நான் கிளம்பும்போது நீ சொன்னதை மறக்கவில்லை. "மண்ணு என் லேப் பரிசோதனையில தேறட்டும், அன்னைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்." பெட்டியைத் தூசி தட்டி வை.

உன் மண்ணாங்கட்டி


பிப்ரவரி 20, 1988

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வழிப்பதற்கு முன்னால் ஒரு வரி கேட்டிருக்கக் கூடாதா? மண் பார்க்கிறவளைக் கட்டிக்கொண்டு என்ன பிரயோஜனம்?

அந்தக் காடு மண்ணைத் தின்று வளரவில்லை. தான் உதிர்த்த இலையையே மக்கவைத்து மறுபடி தின்று வளர்ந்தது. காலங்காலமாகப் பெய்த மழை அந்த மண்ணின் சத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியிருப்பது இரும்பும் அலுமினியமும்தான். நீங்கள் மயங்குகிற சிவப்பு வெறும் துரு. நான்கு விரல் கருப்பு மக்குதான் உங்கள் நிலம், அதைத்தான் கொளுத்தியிருக்கிறீர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். சருகோ வைக்கோலோ போட்டு மூடுங்கள். இந்த வகை மண் சில இடங்களில் வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும். பிறகு எத்தனை மழை பெய்தாலும் இளகாது.

"அப்பாவுக்கு அங்க யாரு சட்டை தேய்ச்சுக் குடுப்பா?" என்று குட்டி கேட்டாள். யாரும் இல்லை என்றதும் அழுதாள்.

உங்கள் லேப் அம்மா


அக்டோபர் 3, 1989

அன்பானவளுக்கு,

போன வருஷம் சோளம் ஆள் உயரம் வளர்ந்ததும் உன்னைக் கேலி செய்து எழுதினேன். அது சாம்பல் செய்த வேலை. இந்த வருஷம் முழங்கால் உயரம்தான், இலையெல்லாம் ஊதா. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைவு என்றார்கள், மூட்டை மூட்டையாக உரம் போட்டேன். போட்டதெல்லாம் எங்கேதான் போகிறது?

கீழ்க்கோடியில் கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கிறது. கீழே ஆற்றோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், கல்லையா விதைச்சீங்க?" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய?

அரைக் கிலோ அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்.

உன் மண்ணாங்கட்டி


அக்டோபர் 21, 1989

அன்புள்ள உங்களுக்கு,

உரம் எங்கும் போகவில்லை, மண்ணிலேயேதான் இருக்கிறது. இரும்பு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறது. அமிலம் மிக அதிகம். அதனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்குகிறது. பார்த்தால் களிமண், விரலில் தேய்த்தால் மணல் மாதிரி உதிர்கிறது. தேறவில்லை.

சுண்ணாம்பும் மக்கும் போட்டுக்கொண்டே இருந்தால் ஓரளவு சரியாகலாம். கல்லான இடம் ஆகாது. திரும்பி வந்துவிடுங்களேன். டிப்போ மேனேஜரிடம் கேட்டேன், "வரச் சொல்லும்மா, நாற்காலி காலியாத்தான் கிடக்கு" என்றார்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
நான்


பிப்ரவரி 11, 1990

அன்பானவளுக்கு,

எந்த முகத்தோடு டிப்போவுக்கு வருவது? பிரிவு உபசாரத்தில் மாலை போட்டு அனுப்பினார்களே! ஊரையே சாப்பிடக் கூப்பிடுவேன் என்று வாய் கிழியப் பேசினேன்.

சுண்ணாம்பு போட்டேன், லாரி லாரியாக மக்கு போட்டேன். புது மாதிரி அனுப்புகிறேன். இந்தத் தடவை உனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

உன் மண்ணாங்கட்டி


மார்ச் 2, 1990

அன்புள்ள உங்களுக்கு,

தேறிவிட்டது. அமிலம் இல்லை, மணிச்சத்து நிறைய. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். குட்டிக்கும் பள்ளிக்கூடச் சான்றிதழ் வாங்கியாயிற்று. பதினெட்டாம் தேதி மதிய பஸ்ஸில் வருகிறோம். நிறுத்தத்தில் நில்லுங்கள், குட்டிக்கு உங்கள் முகம் மறந்துகொண்டு வருகிறது.

உங்கள் லேப் அம்மா


மார்ச் 12, 1990

அன்பானவளுக்கு,

வராதே. அது என் மண் இல்லை. ஆற்றோரத் தோட்டத்தில் அள்ளியது. இரண்டு மாதமாக அந்தத் தோட்டத்துக்காரரிடம்தான் கூலிக்குக் கொத்துகிறேன்.

உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. நீ வந்துவிட்டால் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன் என்ற வரியைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிட உட்கார்ந்தேன். எத்தனையோ முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை அனுப்புகிறேன். உடனே போய் வேலையைத் திரும்பக் கேள்.

இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள். நிலம் நிஜமாகவே தேறியதும் வா.

நான்


மார்ச் 27, 1990

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் ஊர் திரும்பிக் கதவைத் திறந்தபோது உங்கள் கடிதம் உள்ளே தரையில் கிடந்தது. ஆமாம், வந்திருந்தோம்.

பன்னிரண்டு வருஷமாக மண்ணைத் தொடுகிறவள் நான். பொட்டலத்தைப் பிரித்து விரலில் தேய்த்ததுமே தெரிந்துவிட்டது. உங்கள் மண் உதிரும், இது ஒட்டியது. தெரிந்தேதான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். மனுஷன் பொய் சொல்லியாவது கூப்பிடுகிறாரே, இனி என்ன பரிசோதனை என்று தோன்றியது. புருஷனோடு வாழ நிபந்தனை போட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

நிறுத்தத்தில் நாலரை மணிவரை நின்றோம். பிறகு வழி கேட்டு மேட்டுக்கு ஏறினோம். வீடு பூட்டியிருந்தது. குட்டி ஒரு குச்சியால் தரையில் தன் பெயரை எழுதப் பார்த்தாள், கீறல்கூட விழவில்லை. கீழே ஆற்றோரம் ஒருவர் குனிந்து கொத்திக்கொண்டிருந்தார். நீங்களாகத்தான் இருக்கும். எங்களை வரவழைத்துவிட்டு ஒளிந்துகொண்டீர்கள் என்று நினைத்ததால் கூப்பிடவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அழுதேன். மறுபடி கிளம்பிவிடலாம் என்று பெட்டியைக்கூட எடுத்தேன். அப்புறம்தான் கடைசி வரிக்கு வந்தேன். நிலம் தேறியதும் வா என்கிறீர்கள். அந்தத் தரையில் நின்றுவிட்டு வந்தவள் நான். அது உங்கள் ஆயுளிலும் தேறாது, என் ஆயுளிலும் தேறாது. நிலம் தேறாவிட்டாலும் வா என்று எழுத உங்களுக்கு மனம் வரவில்லை. நானே ஊருக்குத் திரும்பி வருகிறேன் என்று எழுதவும் வரவில்லை.

நாளைக்குக் குட்டியைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அங்கே எழுத வேண்டாம்.

லேபில் என் மேஜைக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். மண் அனுப்புவதானால் அனுப்புங்கள். அவளுக்கு உங்களை யாரென்று தெரியாது, உள்ளதை உள்ளபடி எழுதுவாள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா