கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது விசிறிகள்

அனுப்புநர்:
உதுமாலெவ்வை ஜவ்பர்,
கடற்றொழிலாளர்,
கடற்கரை வீதி, பாலமுனை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
கரையோரத் தொழில் புத்தாக்கத் திட்டம்,
அம்பாறை.

பொருள்: முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்து தரப்பட்ட படகு விசிறிகள் கடலில் உடைவது பற்றியும், எங்களிடம் பெற்ற பழைய உலோக விசிறிகளைத் திருப்பித் தரக் கோருவது பற்றியும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் இருபத்தாறு வருடங்களாகக் கடலுக்குப் போகிறவன். நாட்டில் டொலர் இல்லாமற்போன காலத்தில் படகு இஞ்சினுக்கு ஓர் ஆணி வாங்கவும் வழியில்லாதிருந்தது. நீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறி எனக்கு ஓர் இதழ் முறிந்து, படகு நடுங்க நடுங்கத்தான் தொழில் செய்தேன். அந்த நேரத்தில் தங்கள் திட்டம் கல்முனையில் அச்சு நிலையம் ஒன்றைத் திறந்தது. அதன் பொறுப்பு உத்தியோகத்தர் திரு. றிப்தி எங்கள் வீதிப் பிள்ளை. அவருடைய வாப்பாவும் என்னுடைய வாப்பாவும் ஒரே தோணியில் தொழில் செய்தவர்கள். இன்றுவரை என்னை மூத்த சகோதரனாக நினைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். அங்கே அச்சிடும் விசிறியைப் பற்றி வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2. எங்கள் கரையில் புதுச் சாமான் பூட்டினால் பழையதை யாரும் வீட்டில் வைப்பதில்லை. சாக்கில் சுற்றிப் படகின் முன்பக்கத்து அணியத்தில் வைத்துக்கொண்டுதான் போவோம். நடுக்கடலில் கடை இல்லை என்பது காரணம். திரு. றிப்திக்கும் இது தெரியும். ஆனாலும் அளவு எடுப்பதற்கென்று பழைய விசிறிகளைக் கேட்டார். அளவு எடுத்த பிறகு திருப்பித் தரவில்லை. பழையதைக் கட்டிக்கொண்டு போனால் புதியதை நம்பாததுபோல் ஆகும், மேலிடத்தில் தனக்குக் குறை வரும் என்றார். "காக்கா, நீங்க விட்டாத்தான் மத்த ஆக்களும் விடுவாங்க" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். 2023 மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர்கள் பார்க்க, பிஸ்மி சொல்லி முதலாவதாக நான்தான் விட்டுக்கொடுத்தேன். என்னைப் பார்த்து எட்டுப் பேர் கொடுத்தார்கள்.

3. திறப்பு விழாவில் அந்தப் பிளாஸ்டிக் விசிறியைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாவுக்குள் ஐந்து நிமிடம் சுழற்றிக் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதைக் கையில் பிடித்தபடி என்னைப் படம் எடுத்து, பெரிய பதாகையாக நிலையத்தின் வாசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை இறக்கச் சொல்லுங்கள்.

4. ஜூலை எட்டாம் திகதி நானும், என்னோடு தொழிலுக்கு வரும் தம்பிலுவில் ஊர்க் கிருஷாந்தனும் கடலில் இருந்தோம். மூன்றாவது மணித்தியாலத்தில் இஞ்சின் கத்தியது, படகு நகரவில்லை. தூக்கிப் பார்த்தால் மூன்று இதழ்களும் இல்லை. உடைந்த இடம் பராட்டாவைப் பிய்த்ததுபோல் படைபடையாகக் கழன்றிருந்தது. முறிந்த இதழோடு என் பழைய விசிறி இருந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் பூட்டி, நடுங்கி நடுங்கியாவது கரை சேர்ந்திருப்போம். பழக்கத்தில் அணியத்தைத் தடவிப் பார்த்தேன், ஐயா. அங்கே ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றரைப் போத்தல் தண்ணீரோடு மறுநாள் பின்னேரம்வரை மிதந்தோம். திருக்கோவில் ஊர்ப் படகொன்று கண்டு இழுத்து வந்தது. கிருஷாந்தன் அதன்பின் என் படகில் ஏறவில்லை. அவரில் எனக்குக் கோபம் இல்லை.

5. என் மனைவியின் தம்பி றாஸிக்குக்குக் கொடுத்த விசிறி கடலையே காணவில்லை. கரையில் இழுத்துவிட்ட படகில் வெயில் பட்டு ஓர் இதழ் வளைந்துபோனது. நிழலில் வைக்கும்படி நிலையத்தில் அறிவுரை சொல்லி, இன்னொன்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். பாலமுனைக் கரையில் நிழல் எங்கே இருக்கிறதென்று அவர்கள் சொல்லவில்லை. படகுக்குக் குடை பிடிக்கவும் எங்களுக்கு ஆளில்லை.

6. அந்த இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. அது செய்து தந்த எண்ணெய்த் தாங்கி மூடி இன்றும் என் படகில் நன்றாகவே இருக்கிறது. உருக்கிய பிளாஸ்டிக்கை மெல்லிய படைகளாக ஒன்றன்மேல் ஒன்று இட்டுத்தான் அது பொருள் செய்கிறதாம். மூடிக்கு அது போதும். கடலைத் தள்ளுகிற பாரத்தில் படைக்குப் படை விட்டுப்போகும், வெயிலில் இளகும். இதை எனக்கு விளக்கியவர் உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் என் மகள் ஜெனூபா. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது நிலையத்துக்குத் தெரியாதா என்று கேட்டு, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் நிலையத்தின் கோவைகளில் உள்ள ஆவணப் பிரதிகளைப் பெற்றேன். ஏப்ரல் மாதப் பரிசோதனைக் குறிப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. இந்த விசிறிகள் காட்சிக்கும் மாதிரிக்கும் மட்டுமே, கடற் பாவனைக்கு உகந்தவை அல்ல என்பது அதன் பொருள். கீழே திரு. றிப்தியின் ஒப்பம். அதற்கு அடுத்த மாதம்தான் அவர் என் கையைப் பிடித்தார்.

7. நிலையத்துக்கு நான் கொடுத்த முறைப்பாட்டுக்கு வந்த பதிலில், நான் அளவு கடந்த வேகத்தில் ஓட்டியதால் உடைந்ததென எழுதப்பட்டுள்ளது. அது பொய். எங்கள் ஒன்பது விசிறிகளும் இப்போது நிலையத்தில், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. திருப்பிக் கேட்டால், அவை திட்டத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டன, பணிப்பாளரின் ஒப்பம் இல்லாமல் தர முடியாது என்கிறார்கள்.

8. உண்மை தெரிந்த அன்றே மற்ற எட்டுப் பேரிடமும் போய்ச் சொன்னேன். ஏழு பேர் படகைக் கரையில் ஏற்றிவிட்டு வேறு படகுகளில் கூலிக்குப் போகிறார்கள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். றாஸிக் மாத்திரம் நான் சொன்னதெல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பழசக் கொண்டு வந்து தாங்க மச்சான், இப்பவே கழட்டுறன்" என்றார். நான் வெறுங்கையோடு நின்றேன். அவருக்கு மூன்று பிள்ளைகள், கடைசிக்கு எட்டு மாதம். இன்று காலையும் அந்த இரண்டாவது பிளாஸ்டிக் விசிறியோடுதான் போயிருக்கிறார். அடுத்த மாதம் வாடைக் காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும்.

9. ஆகவே ஐயா, என் பேரில் எழுதிய பொய்யை விசாரிக்கக் குழு அமைப்பதானால் ஆறுதலாக அமையுங்கள். நான் காத்திருப்பேன். விசிறிகளை விடுவிக்கும் கடிதத்தில் மட்டும் இன்றே ஒப்பமிடுங்கள். ஒன்பதும் முடியாதென்றால் றாஸிக்கின் ஒன்றையாவது முதலில் தாருங்கள், நானே வந்து தூக்கிக்கொண்டு போகிறேன். என் சொல்லைக் கேட்டு அதைக் கொடுத்த மனிதன் அவர். அவருக்கு ஏதும் நடந்தால் என் மனைவியின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கள் ஒப்பத்துக்காகக் காத்திருக்கும்,

உ. ஜவ்பர்
(ஒப்பம்)

பாலமுனை
23.10.2023