ஐயாவுக்கு ஒரு மைக்

மாசி, வெள்ளி இரவு.

இன்று தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் மகள் தர்ஷினி பாடினாள். இசைக் கல்லூரிக்கு அவள் கச்சேரிப் பதிவு ஒன்று அனுப்ப வேண்டும். நாளை கடைசி நாள். பாட்டுக்கும் ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் தனித்தனி மைக் வைத்தேன். ஒவ்வொன்றும் தனியாகப் பதிவாகும் மெசின். எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

பாட்டு தொடங்கியதும் தொழிற்சங்கத் தலைவர் வந்தார். "ஐயாவுக்கு ஒரு மைக் குடுங்கண்ணே" என்றது கூட்டம். தலைவர் வந்தால் கொடுத்துத்தானே பழக்கம். கை தானாகப் போய் மகளின் மைக்கைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டது. பேசக் கூப்பிடும்வரை அவர் அதை மடியில் வைத்திருந்தார். பிள்ளை நிறுத்தாமல் பாடினாள்.

வீட்டில் போட்டுக் கேட்டோம். "டீ இன்னும் வரலையா?" என்று தலைவர் கணீரென்று கேட்கிறார். மகள் அடுத்த லயத்து வீடுகளில் எங்கோ இருந்து பாடுவது போல் இருக்கிறது.

"ஐயாவுக்கு காலேஜ்ல எடம் கெடைச்சிரும்ப்பா" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுபடி பாடலாம் என்றால் மிருதங்கக்காரர் தன் ஊரான வெலிமடைக்குப் பஸ் ஏறிவிட்டார். இப்போது மிருதங்கத்தின் மைக்கை மட்டும் போட்டுக் கேட்கிறேன். அடிக்கும் அடிக்கும் நடுவே அவள் குரல் இருக்கிறது, சுத்தமாக. அதை மட்டும் வெளியே எடுக்க எனக்குத் தெரியவில்லை.